பாப்பாவுக்கு, கேமரா மாற்றுவது பற்றி

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ போனில் கேட்டபோது கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் நின்றுகொண்டிருந்தார்கள், சரியாகப் பேச முடியவில்லை. உன் நிக்கான் கேமரா டி5600-ஐக் கொடுத்துவிட்டு டி7500 வாங்கட்டுமா, இல்லை ஒரேயடியாகப் பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃபிரேமுக்கே போய்விடட்டுமா என்று கேட்டாய். ஆறு மாதச் சேமிப்பு போகிற விஷயம். அதனால் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

துரியோதனன் விழுகிற படுகளத்துக்கு முந்தின ராத்திரி நீ எடுத்த கூத்துப் படங்கள் மொத்தத்தையும் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். 412 படம். அதில் வீணானது 140. ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பில் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். கேமரா மாற்றுவதென்றால் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும், கடைக்காரர் காட்டும் அட்டையிலிருந்து இல்லை.

97 படம் இழுத்துவிட்டது. துச்சாதனன் சுழன்று வருகிற படத்தை எடுத்துப் பார். கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டெல்லாம் கோடு கோடாக ஓடுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிற மிருதங்கக்காரரின் விரல் நகம்கூடத் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் உன் கை ஆடவில்லை, வேஷக்காரரின் வேகத்துக்கு ஷட்டர் ஈடுகொடுக்கவில்லை. விவரத்தைத் திறந்து பார்த்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ், 55 எம்எம், லென்ஸ் வாய் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய வாய் பெரிது), ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/40 நொடி. சுழன்று ஆடுகிறவரை 1/40-இல் யாராலும் நிறுத்த முடியாது.

இதற்கு ஃபுல் ஃபிரேம் வாங்கினால் என்ன கிடைக்கும்? சென்சார் பரப்பு உன்னுடையதைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு. அதாவது ஒரு ஸ்டாப்புக்கு, வெளிச்சம் இரட்டிப்பாவதற்கு, கொஞ்சம் மேலே. அதைவிட, உன் கேமராவிலேயே 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓவில் 1/40 என்பது 1/400 ஆகிவிடும். லென்ஸ் இல்லாத வெறும் கேமரா பாடியின் விலையில் சின்னப் பங்குதான் அந்த லென்ஸ். கூத்துக் களரி ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பிடிக்க 50 நன்றாக இருக்கும். தலை முதல் சலங்கை வரை முழு வேஷமும் வேண்டுமென்றால் 35 எம்எம் எஃப் 1.8 வாங்கு. வாங்கும்போது ஒன்றைக் கவனி. உன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என்னிடம் இருக்கிற பழைய ‘டி’ வகை 50 உன் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிற ‘ஏஎஃப்-எஸ் ஜி’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது 31 படம். இதில் ஃபோகஸ் முகத்தில் விழாமல் பின்னால் திரையில் விழுந்திருக்கிறது. பாடியை மாற்றக் காரணம் என்று நான் ஒத்துக்கொள்வது இதைத்தான். டி5600-இன் ஃபோகஸ் மைனஸ் 1 இவி வெளிச்சம் வரைக்கும்தான் வேலை செய்யும் (இவி என்பது வெளிச்ச அளவு, ஒரு எண் இறங்கினால் வெளிச்சம் பாதி). என்னிடம் இருக்கிற டி7200, நீ கேட்ட டி7500 இரண்டும் மைனஸ் 3 வரை போகும். உன் கேமராவுக்கு வேண்டியதில் கால் பங்கு வெளிச்சம் இருந்தாலே அவை பிடித்துவிடும். டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டி வேஷக்காரர் நிற்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மீதி 12 படத்தில் கை வெட்டுப்பட்டிருக்கிறது, கண் மூடியிருக்கிறது. அது பழகப் பழகச் சரியாகிவிடும்.

மெகாபிக்சலைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். டி7500-இல் 20.9தான், உன்னிடம் இருப்பதே 24.2. என் பழைய கேமரா டி90-இல் 12.3தான் இருந்தது. அதில் எடுத்ததை 12க்கு 36 இஞ்ச் ஆல்பத்தில் போட்டுக் கொடுத்த காலத்தில் ஒரு கல்யாண வீட்டிலும் படம் மங்கல் என்று சொன்னதில்லை.

நான் ஏன் டி90-ஐ விட்டேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 2016-இல் குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டு முடிந்து பந்தியை எடுக்கக் கார்டை மாற்றினேன். வீட்டுக்கு வந்து முதல் கார்டைப் போட்டால் திறக்கவே இல்லை. சென்னையில் கொடுத்துப் பார்த்தும் வரவில்லை. நானும் அம்மாவும் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவள் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, மாலை போட்டிருந்த தன் அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு மறுவாரம் தவறிப்போன பாட்டி அவர். மணவறையில் பேத்தி பக்கத்தில் நின்றது அந்தக் கார்டில் மட்டும்தான் இருந்தது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதமே கடன் வாங்கி டி7200 எடுத்தேன். அதில் இரண்டு கார்டு ஸ்லாட், ஒரே படம் இரண்டிலும் பதியும். அதற்காக மட்டும்தான் வாங்கினேன்.

டி7500, டி7200 மாடல் வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து, 2017-இல் வந்த மாடல். அதில் ஸ்லாட்டை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். நொடிக்கு 8 படம், 4கே வீடியோ எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் என் நோட்டுக் கணக்கில் உன் கேமராவின் நொடிக்கு 5 போதாமல் கெட்ட படம் ஒன்றுகூட இல்லை, வீடியோ நீ எடுப்பதும் இல்லை. அந்தக் கூத்துக் குழுவில் வயசான வாத்தியார் இருக்கிறாரே, அவர் இன்னும் எத்தனை வருஷம் வேஷம் கட்டுவார்? அவர் படத்தை ஒரே கார்டில் வைத்துக்கொண்டு நீ பஸ் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இப்போதைக்கு லென்ஸை மட்டும் வாங்கு. அதற்கப்புறமும் அந்த 31 குறையவில்லை என்றால் செகண்ட் ஹேண்டில் நல்ல டி7200 தேடலாம், அது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று ஷட்டர் கவுண்ட் பார்த்து நானே வாங்கித் தருகிறேன்.

வைகாசியில் நீ வரும்போது ஆற்காடு பக்கம் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கும். ஒரு ராத்திரி உன் கேமராவில் புது லென்ஸோடு எடு. மறுநாள் ராத்திரி என் டி7200-இல் பழைய 50-ஐ மாட்டித் தருகிறேன், அதில் எடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். டிக்கெட்டைக் காட்பாடிக்கே போடு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா