குளிர்காலத்தில் கணினியைத் திறக்கிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியை வீட்டிலேயே திறந்து தூசி தட்டுவது, ரேம் (நினைவகச் சில்லுகள் உள்ள சிறு அட்டை) மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் உடம்பில் சேர்ந்து சில்லுகளைக் கெடுக்கும் ஸ்டாடிக் (நிலைமின்சாரம்) இறங்க, வேலை தொடங்கும் முன் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொண்டால் போதும் என்று அதில் இருந்தது. சென்னையிலோ, தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனிலோ அது ஓரளவு சரி. ஜோகன்னஸ்பர்க்கில், எங்களுக்குக் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் போதவே போதாது. இந்த ஊரின் லெனேசியா பகுதியில் கணினி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டர்பனில் கடல் காற்றின் ஈரம் எல்லாப் பொருள்மேலும் மெல்லிசாகப் படிந்து, நம் உடம்பில் சேரும் மின்னேற்றத்தைக் கசியவிட்டுவிடும். நாங்கள் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் மழை அநேகமாகக் கிடையாது. போதாக்குறைக்கு வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. ராத்திரி போர்வையை உதறினால் பொறி பறக்கும், காரிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். இப்படிக் காற்று வறண்ட நாளில் கம்பளத்தின்மேல் நடந்தாலே 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்பது எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஈரமான நாளில் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான். கம்பியைத் தொட்டதும் எல்லாம் இறங்கிவிடும், உண்மை. ஆனால் நாற்காலியில் ஒரு தடவை நகர்ந்து உட்கார்ந்தால் மறுபடி ஏறிவிடுமே!

"எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். நம் விரலுக்கு அது உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகளோ 100 வோல்ட்டுக்குள்ளேயே கெட்டுப்போகும்.

உடனே செத்துவிட்டாலாவது தெரிந்துவிடும். பாதி அடிபட்ட சில்லு ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் வேதனை. போன குளிர்காலத்தில் ஒரு அம்மா மகனுடைய கணினியைக் கொண்டுவந்தார். கம்பளத்தில் உட்கார்ந்து, தோளில் ஃபிளீஸ் போர்வையோடு, பையன் ரேம் மாற்றியிருக்கிறான். சில வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் நினைத்தபோதெல்லாம் கணினி முடங்கி நீலத் திரை. வைரஸ் என்று விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் ரேமிலேயே பிழை. ஸ்டாடிக்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, கண்ணுக்குத் தெரியும் தடம் எதுவும் இருக்காது. ஆனால் குளிர்காலத்தில் இந்த மாதிரி ரேம்கள் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

கையில் கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. அதிலிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் ஒரு கிளிப்பும் இருக்கும். ஸ்வெட்டர் கைக்கு மேலே கட்டினால் வேலை செய்யாது, தோலில் படவேண்டும். கிளிப்பைக் கணினிப் பெட்டியில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டே செய்யலாம். உங்கள் உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்தது. பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தப்பித்தவறி மின்சாரத்தைத் தொட்டுவிட்டால் உயிரைக் காப்பாற்றத்தான் பட்டையில் ஒரு மெகாஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். ஒயரே இல்லாத பட்டை என்று இணையத்தில் விற்கிறார்களே, அது சுத்த ஏமாற்று. பவர் சப்ளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கவேண்டாம்.

கம்பளம் இல்லாத அறையில், மர மேசையில், பருத்திச் சட்டையோடு உட்காருங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) பக்கம் கொண்டுபோகாதீர்கள், தூசி உரசும் வேகத்தில் அதுவே மின்னேற்றத்தைக் கிளப்பும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய ரேமைத் தட்டில் குவித்துவைத்து, சமையலறை பிளாஸ்டிக் தாளிலோ தெர்மகோல் துண்டிலோ சுற்றித் தருகிறார்கள். மின்னேற்றம் சேர இதைவிட வசதியான பொருள் கிடையாது. மூடிய வெள்ளி நிறக் காப்புப் பையில் தராவிட்டால் வாங்கமாட்டேன் என்று வாசகர்கள் சொல்லவேண்டும். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, வறண்ட ஊர்களில் இருக்கும் எங்களுக்காக இதையும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்.