வெள்ளக்கால உணவுப் பொட்டலங்களின் தரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணையின் உபரிநீர் பெருகும்போது பவானி, குமாரபாளையம் காவிரிக்கரைக் குடும்பங்கள் முகாம்களுக்குச் செல்ல நேர்வதால், அவசர கால உணவுப் பொட்டலங்களை வாங்கி வைப்போர் காலாவதித் தேதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கோடை முழுதும் தகரக் கூரையின் கீழ் கிடந்த பொட்டலத்தில், தேதி மீதமிருந்தாலும் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். எங்கள் வீட்டில் சேமித்த அவல் கலவை அப்படித்தான் வீணாயிற்று. உப்பிய பையில் கிருமிகள் பெருகியிருக்கலாம் என்பதால் அதைச் சுவைத்துப் பார்ப்பதுகூட ஆபத்தானது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு, சமைக்க எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்; குடிநீரே கிடைக்காத நாளில் வெந்நீர் கேட்கும் உணவால் என்ன பயன்? முகாம்களுக்கான இருப்பில் சில பொட்டலங்களையேனும் மழைக்கு முன்பே பிரித்துச் சோதிக்குமாறு உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பவானி, ஈரோடு மாவட்டம்.