ரிமோட் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பென்னாகரத்தில் நான் தேநீர் குடிக்கும் கடையில் டிவி ரிமோட்டுக்கு எப்போதும் போட்டிதான். ஒருவர் வைக்கும் சேனலில் மத்திய அரசு தமிழகத்தை வஞ்சிக்கிறது. அடுத்தவர் மாற்றினால் மாநில அரசு வீம்பு பிடித்து நிதியைக் கோட்டை விட்டுவிட்டது. இருவரும் பேசுவது ஒரே பணத்தைப் பற்றி: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25ஆம் ஆண்டில் மத்திய அரசு தர வேண்டிய நிதி, சுமார் 2,152 கோடி ரூபாய்.

இந்தத் திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டும் என்று மாநிலம் மறுத்தது, பணம் நின்றது. 2025 மே மாதம் தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது. இதை முன்பின் சேர்த்து எந்தச் சேனலும் சொல்லி நான் கேட்டதில்லை. (நான் கடையில் இல்லாத நேரத்தில் சொல்லியிருந்தால் மன்னிக்கவும்.)

எங்கள் தெருவில் நடக்க இயலாத சிறுமி ஒருத்தி வீட்டிலிருந்தே படிக்கிறாள். அவளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளம் இந்தத் திட்டத்தில்தான். சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பையில் பந்தும் வண்ண அட்டைகளுமாக வந்து நின்றார். அவரிடம் எந்தச் சேனலும் மைக்கை நீட்டவில்லை.

வாசகர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.