வீட்டை இடிக்கும் முன்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று இவள் இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

கும்பகோணத்து வீட்டை இடித்துக் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். சுவர் அந்த அளவுக்கு ஊறிப்போன பிறகு வேறு வழியில்லை, சரிதான். ஆனால் ஒருவர் ஜேசிபி வைத்து இரண்டே நாளில் தரைமட்டமாக்கித் தருவதாகவும், தேக்குக்கும் கம்பிக்கும் அவரே பணம் தருவதாகவும் எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவரிடம் இப்போதைக்கு எதையும் பேசி முடிக்காதே.

இத்தனை வருடம் சைட்டிலேயே இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கட்டும்போது கட்டடத்துக்கு நாளுக்கு நாள் பலம் கூடும். இடிக்கும்போது மணிக்கு மணி குறையும். எது எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரியாதவன் கையில் சம்மட்டியைக் கொடுக்கக் கூடாது. சன்ஷேடையே எடுத்துக்கொள். அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதே, அதன் வேரை மேல்சுவரின் பாரம் அழுத்திப் பிடித்திருப்பதால்தான். மேல்சுவரை எடுத்துவிட்டு, சன்ஷேடுக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டால், அதில் நிற்கும் ஆளோடு சேர்ந்து கீழே வரும்.

உன் வீட்டின் முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிப் போட்ட தளம். தேக்குக் கட்டைகளின் நுனி சுவருக்குள் எவ்வளவு உளுத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால் தளத்தின் மேல் யாரும் நேராக ஏறி நிற்க வேண்டாம். குறுக்கே பலகை போட்டு, அதில் நின்றுகொண்டு, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு கண்ணியாகச் செங்கல்லைப் பெயர்க்க வேண்டும். அந்த நேரத்தில் கீழ் அறையில் ஆள் இருக்கக் கூடாது. கட்டைகளை எடுத்துவிட்டால் அந்த உயரமான சுவர்களைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்போது ஜேசிபி வாளியால் தள்ளினால் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலிருந்து வரிவரியாக இறக்குவதே முறை. பின்கட்டு கான்கிரீட் தளத்தில், உடைத்த இடிபாட்டை அங்கேயே குவித்து வைக்க விடாதே. அந்தப் பாரத்தில் தளமே உட்கார்ந்துவிடும்.

மேற்கே இருப்பது பொதுச்சுவர் அல்லவா? பக்கத்து வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். முதலில் அவர்களைக் கூட வைத்துக்கொண்டு, இப்போதே இருக்கும் வெடிப்புகளைத் தேதியோடு படம் எடுத்து வை. பிறகு மனஸ்தாபம் வராது. கரண்ட்டை ஈபி ஆட்களே வந்து கம்பத்திலிருந்து துண்டிக்கட்டும். கொல்லைக் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் சுற்றி வேலி போடு, மெஷின் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பெரிய கட்டடங்களை வெடி வைத்துத் தகர்ப்பதை டிவியில் பார்த்துவிட்டு, இடிப்பது சில நொடி வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நொய்டா இரட்டைக் கோபுரம் 2022 ஆகஸ்ட் 28 அன்று பத்து நொடிக்குள் விழுந்தது உண்மைதான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் தூண் தூணாகத் துளை போட்டு, சுமார் 3,700 கிலோ வெடிமருந்தை நிரப்பினார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்காமல், கணக்குப் போட்ட இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும்படி வைத்தார்கள். கீழ்த் தூண்கள் விட்டுக்கொடுத்ததும் மீதி வேலையைக் கட்டடத்தின் எடையே செய்தது. ஒன்பது மீட்டர் தூரத்தில் ஆட்கள் குடியிருந்த அடுக்குமாடி ஒன்று இருந்தும் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கொச்சி மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் காயலோரத்து நான்கு குடியிருப்புகளையும் அப்படித்தான் இறக்கினார்கள். நம் மவுலிவாக்கம் உனக்கு நினைவிருக்கும். 2014 ஜூன் 28 அன்று மழையில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் மிஞ்சி நின்ற இன்னொன்றை 2016 நவம்பர் 2 அன்று சுற்றிலும் ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் தகர்த்தார்கள். இந்தக் கவனத்தில் ஒரு பங்குகூடச் சின்ன வீடுகளுக்குக் கிடைப்பதில்லை. சுவர் விழுந்து சித்தாள் பலி என்று பேப்பரில் நாலு வரி வரும், அவ்வளவுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஹெல்மெட்டும் பூட்ஸும் முகக்கவசமும் நீயே வாங்கிக் கொடுத்துவிடு. தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொல். கான்கிரீட், செங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் பிறகு வைத்தியத்தால் எடுக்க முடியாது.

கொல்லையில் மாட்டுக்கொட்டகை மேல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இன்னும் கவனம் வேண்டும். அதை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். அவை புற்றுநோயைக் கொண்டுவரும். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைக்கச் சொல். இடிபாட்டோடு கலக்கவே கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்.

மிச்சத்தில் பெரும்பகுதி குப்பையே இல்லை. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுத்தமாகப் பிரிந்து வரும், திரும்பக் கட்டலாம். சிமென்ட்டில் கட்டியது உடையும்; அந்தத் துண்டுகள் புது வீட்டின் தரைக்கு அடியில் பேஸ்மென்ட் நிரப்ப ஆகும். ஆனால் மரச் சிராய் ஒன்றுகூட அதில் கலக்காமல் பார்த்துக்கொள், கரையான் வந்துவிடும். சுத்தமான கான்கிரீட்டை அரைத்துச் சல்லியாக்கலாம். கம்பி இல்லாத சாதா கான்கிரீட்டுக்குப் போடும் சல்லியில் 25 சதவீதம் வரையும், எம்25 என்ற பலத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டின் சல்லியில் 20 சதவீதம் வரையும் இப்படி அரைத்ததைப் போட, கான்கிரீட் சல்லி, மணலுக்கான ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரவிதி 2016இலேயே இடம் கொடுத்துவிட்டது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. அப்படி இருந்தும் ராத்திரியில் லாரி லாரியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொட்டுகிறார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. மழைத் தண்ணீர் போய்த் தங்க வேண்டிய பள்ளத்தை மண்ணடித்துவிட்டு, டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அழுகிறோம்.

உன் லோடு அரசலாற்றங்கரைக்கோ ஏதாவது குளத்துக்கோ போய்விடக் கூடாது, சேகர். கட்டடக் கழிவைச் சாலையிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது என்று 2016 மத்திய விதிகளே சொல்லின, அதைப் பிரித்து வைக்கும் பொறுப்பையும் நம் தலையில்தான் வைத்தன. இடிபாட்டைக் கொட்ட வேண்டிய இடம் எது என்று மாநகராட்சியில் எழுத்தில் வாங்கு. ஒவ்வொரு நடைக்கும் யாராவது கூடப் போய் வரட்டும். உன் மச்சினன் சும்மாதானே இருக்கிறான்?

அந்த ஜேசிபிக்காரரிடம், மேலிருந்து கையால் இறக்க எத்தனை நாள், எத்தனை ஆள், ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, இடிபாடு எங்கே போகும் என்று கேள். முகம் சுளித்தால் வேறு ஆள் பார்ப்போம். தேக்குக்கு அவர் சொல்லும் விலையையும் நம்பாதே, தனியாக ஒரு மரக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. தளத்தின் அடிப்பக்கம், பொதுச்சுவர், கொட்டகை மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கப் பார், நனைந்த சுவரில் கை வைக்க வேண்டாம். கூரையை எடுக்கும் தேதியைச் சொன்னால் நான் வந்து கூட நிற்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்