ஆய்வு உதவித்தொகை அறிவிப்புகளையும் கடைசி நாளுக்கு முன்பே தமிழில் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை நான் பணி ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் படிக்கிறேன், எனக்காக அல்ல, என்னிடம் படித்த பிள்ளைகளுக்காக. டிஎன்பிஎஸ்சி, ரயில்வே, வங்கி, சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எல்லாம் தேதியோடு வருகிறது. அதைப் பார்த்து விண்ணப்பித்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் சமூகவியல், பொருளாதாரம், வரலாறு, மக்கள்தொகையியல் என்று ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கான உதவித்தொகை பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தி, தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர், போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆண்கள் கடலில் கிடக்கும் நாட்களில் அந்த வீடுகளைப் பெண்கள் எப்படிக் கொண்டுசெலுத்துகிறார்கள், கடன் யாரிடம் வாங்குகிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய பிஎச்டி தலைப்பு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்று நாங்கள் சொல்லும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது என்பது அவளுக்குத் தெரிய வந்தபோது கடைசி நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஆன்லைனில் போட்டால் மட்டும் போதாது, படித்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் கையெழுத்தும் சீலும் வைத்த பிரதி டெல்லிக்குத் தபாலில் போய்ச்சேர வேண்டும். முதல் நாள் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு, மறுநாள் லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார்கள், அப்புறம் சனி, ஞாயிறு. கடைசியில் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா போதும் மிஸ்" என்றாள். "விடு மக்ளே, அடுத்த வருசம் போடலாம்" என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல? இப்போது அவள் பகலில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பார்ட் டைமில் ஆராய்ச்சி செய்கிறாள்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய், புத்தகம், பயணம், ஜெராக்ஸ் செலவுக்குத் தனியாக வருடத்துக்கு 20,000. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு யுஜிசி கொடுக்கும் 8,000 ரூபாய்கூட மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்குத்தான், மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் நம்மூர்க் கல்லூரிகளில் பதிவு செய்த பிள்ளைக்குக் கிடையாது. அதனால்தான் மற்ற அறிவிப்புகள் ஒவ்வொன்றும் இவர்களுக்கு முக்கியம். நம் மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது, மாதம் 25,000, கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கும் அதில் இடம் உண்டு. எம்ஏ முடிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்ட இடத்திலெல்லாம் "அப்படி ஒண்ணு இருக்கா மிஸ்?" என்றுதான் கேட்டார்கள்.

ஆராய்ச்சி செய்ய நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கே 18,70,374 பேர், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள், எழுத்தறிவு 91 சதவீதத்துக்கும் மேல். அருமனை, குலசேகரம் பக்கம் ஒரு மாலை நடந்து பாருங்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் மாடி வீடு, பிள்ளைகள் வளைகுடாவில், உள்ளே எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மாவும் அப்பாவும், மீதி ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும். கேரளத்தில் 1998 முதல் வெளிநாடு போனவர்களைப் பற்றித் தேர்ந்தெடுத்த வீடுகளில் கேட்டுக் கணக்கெடுத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே வாழ்க்கைதான், கணக்குதான் அந்த அளவுக்கு இல்லை. 2017 நவம்பர் 30 யாருக்கும் மறக்காது. ஒக்கி புயல் அடித்த அந்த நாட்களில் கடலில் எத்தனை பேர், எந்த வள்ளத்தில் யார் யார் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது, பங்குக் கோயில்களில் உட்கார்ந்து பெயர் பெயராக நோட்டில் எழுதினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளே ஆய்வு செய்து எழுதியிருந்தால் யார், எப்போது, எவ்வளவு நாளுக்குக் கடலுக்குப் போகிறார்கள் என்பது முன்பே கையில் இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

பழைய கணக்கும் நமக்கு எளிதில்லை. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்துத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. திருவிதாங்கூர் அரசு அதிகாரி நாகம் ஐயா 1875-ல் எடுத்த திருவிதாங்கூர்க் குடிக்கணக்கு முதல் எதைத் தேடினாலும் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டும், அங்கே தங்கிப் படிக்க வேண்டும், அதற்கும் காசு வேண்டும்.

பணத்தைப் போலவே செய்தியும் நேரத்துக்கு வர வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் மூலத் தரவை ஆய்வாளர்கள் டிஎச்எஸ் என்ற அமெரிக்க உதவித் திட்டத்தின் தளம் வழியாகத்தான் பதிவு செய்து வாங்கி வந்தார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அந்தத் திட்டத்துக்கான பணத்தை நிறுத்தியது, அப்போது புதிய பதிவுகளும் நின்றுபோயின. எனக்குத் தெரிந்த ஒரு பையன் தன் லேப்டாப்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தான். பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. தள்ளித் தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள், சாதியும் கேட்கப்போகிறார்கள். மும்பையில் 1956 முதல் மக்கள்தொகைப் படிப்பு சொல்லித்தரும் ஐ.ஐ.பி.எஸ். என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வு மையம், நம் மாநிலத்தில் காந்திகிராமத்தில் ஒன்று. அங்கெல்லாம் என்ன படிப்பு, எப்போது விண்ணப்பம் என்பது நம் பிள்ளைகளுக்கு இப்போதே தெரிய வேண்டும்.

நான் கேட்பது பெரிய இடமில்லை. வாரத்தில் ஒரு நாள், வேலைவாய்ப்புப் பக்கத்தின் ஓரத்தில் அரைப் பத்தி போதும். எந்த உதவித்தொகை, யாருக்கு, எவ்வளவு, கடைசி நாள் எது, யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், இவ்வளவுதான். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது வர வேண்டும், அது ரொம்ப முக்கியம். அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பக்கம் வருகின்றன, வயது வரம்பு எங்கே, மதிப்பெண் எங்கே என்று தேடுவதற்குள் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை சோர்ந்துவிடுகிறது.

தொகுத்து எழுத ஆள் இல்லை என்றால் நானே செய்கிறேன், சம்பளம் வேண்டாம். என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேரும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலைக்குள் உங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்குத் தமிழில் அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூகவியல் ஆசிரியை,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.