கிரிக்கெட் பயிற்சிக் கொட்டகை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்குச் செயலாளரின் வணக்கம்.

தலைப்பில் ‘திருப்பணி’ என்று போட்டதற்கே ஒருவர் கோபித்துக்கொண்டார். ரசீதுப் புத்தகத்தோடு ஏழு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியதற்கு எங்களுக்கு வேறு பெயர் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோர மைதானம் வண்டல் மூடிக் கிடந்தது. பொங்கல் கழிந்தும் கால் வைக்க முடியவில்லை. வெள்ளம் வராத வருஷமும் ஐப்பசி, கார்த்திகை மழையோடு போய்விடும். அதனால்தான் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஓடாமல் கிடந்த அரிசி ஆலையின் குடோனை வாடகைக்குப் பிடித்தோம். உள்நீளம் 80 அடி. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் 5 அடி. பவுலருக்கு மிச்சம் 9 அடிதான். வேகப்பந்து போடுகிறவன் பின்கதவைத் திறந்து நெல் காயப்போடும் களத்திலிருந்து ஓடிவரட்டும். மழை நாளில் சுழற்பந்துதான். இதைக் குறை என்கிறவர்கள் 100 அடி குடோன் ஒன்றைக் காட்டட்டும்.

தரைப்பூச்சு, வெள்ளையடிப்பு, ஒயரிங் முடிந்தன. விளக்குக்கு மட்டும் மதிப்பீட்டைவிட ரூ.7,800 கூடியது.

இனி வலை விவகாரம். தூத்துக்குடியில் பழைய மீன்வலை எடைக்குக் கிடைக்குமே என்றார்கள். போய்ப் பார்த்தோம். உப்பிலும் வெயிலிலும் நைந்து, கையால் இழுத்தபோதே இரண்டு கண்ணி விட்டது. புது நைலான் வலைதான் வாங்கினோம். பந்தின் குறுக்களவு 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கண்ணி 2 அங்குலத்துக்குள் இருந்தால்தான் நிற்கும்.

வெல்டிங் ஒப்பந்தக்காரர் (பெயர் வேண்டாம்) பைப் நட்டு, அதற்கு வெளிப்பக்கம் வலையைக் கட்டி, தறியில் பாவு இழுத்த மாதிரி விறைப்பாக இழுத்துவிட்டார். முதல் நாளே ஒரு கவர் டிரைவ் பைப்பில் ‘டங்’ என்று மோதித் திரும்பி, அடித்த பையனின் முழங்காலையே பதம் பார்த்தது. பைப் வெளியே, வலை உள்ளே, இரண்டுக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி, வலை திரைச்சீலை மாதிரி தொய்வாக இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் பந்தின் வேகம் அதிலேயே செத்துக் கீழே விழும். இதைச் சொன்னால், “நீங்க வரைஞ்சு கொடுத்ததுல ஒரு கோடுதான அண்ணாச்சி இருந்துச்சு? வலை எந்தப் பக்கம்னு எழுதலியே” என்றார். உண்மைதான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த படம் அது; இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அந்தப் பிழை கமிட்டியுடையது.

ஆனால் பதினொரு நாள் போனை எடுக்காமல் இருந்தது கமிட்டியின் பிழை இல்லை. முன்பணம் ரூ.30,000 எதற்குக் கொடுத்தீர்கள் என்று கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். பைப் விலையே அவ்வளவு. கொடுக்காவிட்டால் அவர் கடைக்கே போயிருக்கமாட்டார். தொய்வுக்குக் கூடுதல் வலை, மறுபடி கட்டும் கூலி எல்லாம் சேர்ந்து ரூ.17,600. மூன்று முறை பஞ்சாயத்து பேசி, ரூ.3,000 அவர் ஏற்றார். மீதி நம் தலையில்.

பந்து விழும் இடத்துக்குக் கயிற்றுப் பாய் விரித்தாயிற்று. பத்தமடை பக்கத்திலேயே இருக்க, கோரைப்பாய் போட்டால் என்ன என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மனமாரக் கேட்டார். அது படுப்பதற்கு, அண்ணாச்சி. கயிற்றுப் பாயை விறைப்பாக இழுத்து ஆணி அடிக்க வேண்டும். சுருங்கினால் பந்து எங்கே எகிறும் என்று சொல்ல முடியாது.

மதிப்பீடு ரூ.1,85,000. செலவு ரூ.2,07,400. வரவு ரூ.1,98,900. துண்டு விழும் ரூ.8,500 பொருளாளரின் கைமாற்று. அவர் வீட்டில் இன்னும் தெரியாது.

கொடுத்தவர்கள்: வீரவநல்லூர் ஜவுளிக்கடை அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்காரர், துபாயில் இருக்கும் நம் பழைய விக்கெட் கீப்பர், மேலத்தெரு டீக்கடை, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரர், மெடிக்கல் ஷாப் தம்பி, பெயர் போடக்கூடாது என்று சொல்லி 500 ரூபாயைச் சுருட்டிக் கையில் திணித்த பீடி சுற்றும் ஆச்சி. மற்ற எல்லாருடைய பெயரும் தொகையும் வாசல் பலகையில் இருக்கின்றன. விட்டுப்போன இரண்டு பெயர் பெயிண்டர் வந்ததும் எழுதப்படும்.

சாவி ஆலை வாட்ச்மேனிடம். இரவு 9 மணிக்கு மேல் கேட்டால் தரமாட்டார்.