பாட்டில் இன்னும் பிரிக்கல கண்ணு

கண்ணு, சாப்டியா. நேத்து வீடியோ கால்ல அம்மா பக்கத்துலயே இருந்ததால எதையும் விவரமா பேச முடியல, அதான் அவ தூங்கினப்புறம் உக்காந்து டைப் பண்றேன், நீளமா வரும், லீவு அன்னிக்கு பொறுமையா படி.

நீ பிரான்ஸ்ல லியோன்ல இருந்து உன் ஃப்ரெண்டு கிட்ட கொடுத்தனுப்பின ரெட் வைன் பாட்டிலும், அந்த வைன்ல ஹார்ட்டுக்கு நல்லதுன்னு பேசிக்கற ரெஸ்வெரட்ராலோட கேப்சூல் டப்பாவும் பத்திரமா வந்துச்சு. பொண்ணு என் நெஞ்சுக்காக அனுப்பியிருக்கான்னு அம்மா ஒரே பூரிப்பு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இருமல் மருந்து பாட்டில் மேல இருக்குமே அந்த பிளாஸ்டிக் மூடி, கோடு போட்டு 5 மில்லி 10 மில்லின்னு, அதைக் கழுவி எடுத்துட்டு வந்து எத்தனை மில்லிங்க ஊத்தணும்னு என்கிட்ட கேக்குறா. சொட்டுகூட கையால தொடாதவ, மருந்துன்னு நீ சொல்லிட்டதால அளந்து குடிக்க ரெடியா நிக்குறா. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு சாமி. வேண்டாம் நாளைக்கு பாத்துக்கலாம்னு சொல்லி வாங்கி வெச்சுட்டேன். பாட்டில் இன்னும் பிரிக்கல, பீரோ மேல பேப்பர் சுத்தி இருக்கு.

ஹார்ட் ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சதுல இருந்து அம்மா சாப்பிடுற மாத்திரை உனக்குத் தெரியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரெண்டும் ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. ரெஸ்வெரட்ராலும் நிறைய டோஸ்ல போனா அதே வேலையைப் பண்ணக்கூடியது, மூணும் சேர்ந்தா ரத்தக்கசிவு பயம் இருக்கு. சுகருக்கு மெட்ஃபார்மின் வேற சாப்பிடுறா, அது கூட ஆல்கஹால் சேர்ந்தா ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏற வாய்ப்பு இருக்கு, அபூர்வம்தான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. 34 வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னவன் நான், சர்க்கரை மாத்திரை வாங்க வர்றவங்க கிட்ட குடிக்கிறீங்களான்னு கேக்காம ஸ்ட்ரிப்பைக் கொடுத்ததில்ல. கேப்சூலை எடுத்துட்டுப் போய் கார்டியாலஜிஸ்ட் கிட்டயும் காட்டிட்டேன், வேண்டாம்னுட்டார்.

சரி அம்மாவுக்கு ஒத்துக்காது, மத்தவங்களுக்கு நல்லதுதானேப்பான்னு நீ கேப்பே. அதான் உக்காந்து கணக்கு போட்டேன். இந்த ரெஸ்வெரட்ரால் திராட்சைச் செடி தன்னைக் காப்பாத்திக்கறதுக்குப் பண்ற சரக்கு, பூஞ்சை தாக்கும்போது தோல்ல சுரக்கும். ரெட் வைனை தோலோட சேர்த்து புளிக்க வைக்கிறதால அதுல கொஞ்சம் இறங்குது, வெள்ளை வைன்ல தோலை முன்னாடியே எடுத்துடுறதால ரொம்பக் கம்மி. கொஞ்சம்னா எவ்ளோ? ஒரு லிட்டர் ரெட் வைன்ல சுமாரா 2 மில்லிகிராம். நீ சொல்ற ஒரு கிளாஸ் 150 மில்லின்னா 0.3 மில்லிகிராம். அதே கிளாஸ்ல ஆல்கஹால் கிட்டத்தட்ட 15 கிராம். 50,000 மடங்கு கண்ணு. அளவை வெச்சுப் பாத்தா அந்த கிளாஸ்ல இருக்கற மருந்து ஆல்கஹால்தான்.

நீ அனுப்பின கட்டுரைல எலி ஆராய்ச்சி ஒண்ணு இருந்துச்சே, 2006ல நேச்சர் பத்திரிகைல வந்தது, கொழுப்புச் சாப்பாடு போட்ட சுண்டெலிங்க ரெஸ்வெரட்ரால் கொடுத்ததுல கூடுதல் நாள் வாழ்ந்துச்சுன்னு. ஆராய்ச்சி நிஜம்தான். ஆனா அதுல கொடுத்தது கிலோவுக்கு சுமார் 22 மில்லிகிராம், தினமும். அம்மா 62 கிலோ, நேரா பெருக்கினா 1,364 மில்லிகிராம் வருது. எலிக்கும் மனுஷனுக்கும் அப்படி நேரா பெருக்கக் கூடாது, 12 ஆல வகுக்கறது வழக்கம், அப்படியே வகுத்தாலும் 110 மில்லிகிராமுக்கு மேல வரும். அவ்ளோ வேணும்னா 55 லிட்டர் வைன் குடிக்கணும், ஒரே நாள்ல, 70 பாட்டிலுக்கு மேல. கேப்சூல்ல அந்த அளவு இருக்கேன்னா, வாயால போறதை குடல் சுவரும் ஈரலும் உடனே வேற பொருளா மாத்திடுது, மாறாம ரத்தத்துக்கு வந்து சேர்றது ரொம்ப ரொம்ப சொற்பம். கிளாக்ஸோ கம்பெனி 2008ல 720 மில்லியன் டாலர் கொடுத்து இதை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கம்பெனியவே வாங்கினாங்க, 2013ல அந்த ஆபீஸை மூடிட்டாங்க. இத்தாலில கியான்டி பக்கம், வைனுக்கே பேர்போன ஏரியா, 65 வயசுக்கு மேல 783 பேரோட யூரின்ல ரெஸ்வெரட்ரால் எவ்ளோ இருக்குன்னு பாத்து 9 வருஷம் பின்தொடர்ந்தாங்க. அதிகமா இருந்தவங்களுக்கும் கம்மியா இருந்தவங்களுக்கும் சாவுலயோ ஹார்ட் வியாதிலயோ கேன்சர்லயோ ஒரு வித்தியாசமும் தெரியலன்னு 2014ல எழுதினாங்க.

பிரெஞ்சுக்காரங்க வெண்ணெயும் சீஸும் தின்னுட்டும் ஹார்ட் அட்டாக் கம்மியா இருக்கு, வைன் காரணமா இருக்கலாம்னு 1992ல லான்செட் மருத்துவப் பத்திரிகைல எழுதினாங்களே, அதுல இருந்துதான் இந்தப் பேச்சு பெருசாச்சு. அதை எழுதின ரெண்டு பேரும் சேர்ந்துதான் நீ இருக்கற லியோன்லயே இன்னொரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஒரு தடவை அட்டாக் வந்து பிழைச்ச 605 பேரை வெச்சு. அதுல பாதி பேருக்கு காய்கறி, பழம், மீன் கூட்டி, மாமிசம் கொறைச்சு, வெண்ணெயை மாத்திக் கொடுத்தாங்க. அவங்களுக்கு மறுபடி அட்டாக் வர்றது அவ்ளோ கொறைஞ்சுச்சு. அந்த வைன் பேச்சு உலகம் பூரா பரவிடுச்சு, இந்தக் காய்கறிக் கணக்கை யாரும் பேசல, எனக்கு அதுதான் ஆதங்கம். அளவா குடிக்கிறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு வந்த பழைய கணக்குலயும் ஒரு கோளாறு இருக்கு, உடம்பு கெட்டு டாக்டர் சொல்லி நிறுத்தினவங்களையும் குடிக்காதவங்க லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க, அப்ப குடிக்காதவங்கதான் நோயாளியா தெரிவாங்க.

இப்ப நான் எழுத வந்ததைச் சொல்லிடுறேன். உங்க பெரியப்பா ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல ரைட்டரா, அதான் ஆள் கணக்கு எழுதறவரா, இருந்தது தெரியும், எப்படிப் போனாருன்னு உனக்கு யாரும் சரியா சொன்னதில்ல. மார்கழில மேல பனி இறங்குச்சுன்னா சில்வர் ஓக் மரம் பத்தடி தள்ளி இருக்கறதுகூட தெரியாது, அந்தக் குளிர்ல காலைல ஆறு மணிக்கு பழம் பறிக்கிறவங்களை எண்ணி நிறுத்தணும். கட்டிலுக்கு அடியில ஒரு பாட்டில் வெச்சிருப்பாரு, அதோட மூடிலயே ஊத்தி ஒரு மூடி குடிப்பாரு, குளிருக்கு மருந்துடா தம்பின்னுவாரு. குடிச்சா சூடா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா தோல்ல ரத்தக்குழாய் விரிஞ்சு உள்சூடு வெளிய போயிடும், இன்னும் குளிரும். எனக்கு அது தெரியும். மாசம் ஒருக்கா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அவருக்கு பிரஷர் மாத்திரை கொடுத்துட்டு வந்தவன், அண்ணன் ஆச்சே எப்படி சொல்றதுன்னு சும்மா இருந்தேன். ஒரு மூடி ரெண்டாச்சு, அப்புறம் டம்ளர். 58 வயசுல வயிறு பானை மாதிரி வீங்கி, ரத்த வாந்தி எடுத்து, சேலம் கூட்டிட்டு வர்ற வழியிலயே அடிவாரத்துக்கிட்ட போயிட்டாரு. அவரு தலை என் மடியிலதான் இருந்துச்சு. அம்மா அந்த மூடியைக் கழுவிட்டு வந்து நின்னப்ப எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு.

நேத்து கால்ல நீ, நானும் தினமும் நைட் ஒரு கிளாஸ் எடுத்துக்கறேன்ப்பா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொன்னே. கோபம் இல்ல சாமி, சத்தியமா இல்ல. அந்த ஊர்ல சாப்பாட்டோட அது ஒரு பழக்கம், ஃப்ரெண்ட்ஸோட ஒரு நாள் பிடிச்சுக் குடிச்சா அது உன் இஷ்டம், நீ வளர்ந்த பொண்ணு. தனி ரூம்ல, வேலை முடிஞ்சு, தினமும், மருந்துன்னு பேர் வெச்சு குடிக்கிறதுதான் என்னைத் தூங்க விடல. ஆல்கஹாலை 1988லயே சர்வதேச கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் கேன்சர் உண்டாக்கறது உறுதின்னு சொல்ற முதல் பிரிவுல சேர்த்துட்டாங்க, இவ்ளோ குடிச்சா பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில சொல்லிடுச்சு. பொம்பளைங்களுக்கு மார்புக் கேன்சர் வாய்ப்பு தினம் ஒரு கிளாஸ்லயே கொஞ்சம் ஏறுது. உங்க அத்தைக்கு என்ன வந்துச்சுன்னு நினைச்சுப் பாரு. அண்ணன் கிட்ட சொல்லாம விட்டேன், உன்கிட்ட சொல்லிடுறேன்.

அம்மாவைப் பத்தி கவலைப்படாதே. காலைல மூக்கனேரிக் கரையில நாப்பது நிமிஷம் நடக்குறா, இப்ப மூச்சு வாங்கறதில்ல. சாயந்திரம் கைப்பிடி கடலையை ரோஸ் தோலோடவே வறுத்துத் தர்றேன், கொட்டை திராட்சைல அஞ்சாறு, சுகர் பாத்துட்டு. நாவப்பழம் சீசன்ல அதுவும் உண்டு, அந்தக் கருநீலமும் திராட்சைத் தோலோட சாயமும் ஒரே குடும்பம்தான். கேப்சூல் எதனால வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், மூஞ்சி வாடிடுச்சு, நீ ஒரு வார்த்தை போன்ல பேசிடு, உன் மேல வருத்தம் இல்லன்னு நான் சொல்றதை விட நீ சொன்னா சமாதானம் ஆவா. ஏற்காடு காபித்தூள் ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கேன், சிக்கரி கலக்காதது, பித்தளை ஃபில்டரும் உள்ள இருக்கு. சுடு தண்ணி ஊத்தி மூடி வெச்சுட்டு எனக்கு கால் பண்ணு, டிகாக்‌ஷன் இறங்கற வரைக்கும் பேசிட்டு இருக்கலாம்.

அப்பா